குணம் மாறினால் முதலில் குளிசையைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பாக்கின்சன் வருத்தமுள்ள ஒருவர் வீட்டிலோ குடும்பத்திலோ இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். இல்லாவிட்டாலும் வாசியுங்கள். இந்த விடயத்தில் நோயாளியின் வீட்டாருக்கு இருக்கும் அளவு பங்கு ஊராருக்கும் இருக்கிறது.

நடுக்க வருத்தம் என்றால் நமக்குத் தெரியும். கை நடுங்கும், நடை சின்னச் சின்ன அடியாகக் குறுகும், முகம் இறுகிப்போகும், குரல் தாழ்ந்துவிடும். அப்படியான ஒருவருக்குப் பள்ளிவாசலில் கதிரை எடுத்துக் கொடுக்கிறோம். கந்தூரியில் சோற்றைப் பிசைந்து கொடுக்கவும் நமது பிள்ளைகள் தயங்குவதில்லை. இந்த இரக்கம் நமது ஊர்களின் நல்ல குணம்.

ஆனால் அதே மனிதர் ஒருநாள் சந்தியில் நின்று லொத்தர் சுரண்டுவதைக் கண்டால் என்ன நடக்கிறது? அறுபத்தைந்து வயதில் மனைவியைச் சந்தேகப்பட்டு வீட்டில் சண்டை பிடித்தால்? பிள்ளைகளுக்குச் சொல்லாமல் கடன் வாங்கினால்? இரவு இரண்டு மணிக்கு எழும்பி, முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று சொன்னால்? அன்றைக்கே கதை மாறிவிடும். "வயசு போன காலத்தில இவருக்கு ஏன் இந்தப் புத்தி" என்பார் ஒருவர். "உள்ளுக்குள்ள இருந்த குணம் இப்பதான் வெளியே வருது" என்பார் இன்னொருவர். "ஜின் கோளாறாக இருக்கும், ஓதிப் பாருங்க" என்பார் மூன்றாமவர். அவர் என்ன மருந்து குடிக்கிறார், எப்போதிருந்து குடிக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நாம் சொல்ல வருவது இதைத்தான். பாக்கின்சன் நோயாளி ஒருவரின் நடத்தை திடீரென்று மாறினால் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவருடைய குளிசையைப் பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளுக்கு மனிதனின் ஆசையையும் கட்டுப்பாட்டையும் மாற்றிவிடும் சக்தி இருக்கிறது. அது வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. பல சந்தர்ப்பங்களில் மருந்தை மாற்றினால் அல்லது அளவைக் குறைத்தால் அந்த நடத்தையும் குறைகிறது. தீர்க்கக்கூடிய ஒன்றை வெட்கத்தால் மூடிவைத்து ஒரு குடும்பத்தையே இழக்க வேண்டியதில்லை.

முதலில் நோயைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1817இல் ஜேம்ஸ் பாக்கின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவருடைய பெயரே நோய்க்கு நிலைத்தது. குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலிக்கு இந்த நிலை இருப்பது 1984இல் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 42. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபமேற்றியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். 2016இல் மௌத்தாகும்வரை முப்பது வருடங்களுக்கு மேல் அவர் இதோடு வாழ்ந்தார். ஆகவே இது இன்று வந்து நாளை முடிக்கிற வருத்தமல்ல. நோயாளியும் குடும்பமும் நீண்ட காலம் சேர்ந்து சுமக்க வேண்டிய ஒன்று. அவ்வளவு காலமும் மருந்தும் கூடவே வரும்.

நமது மூளையில் டோபமின் என்றொரு இரசாயனம் சுரக்கிறது. அதைச் சுரக்கும் கலங்கள் சில இந்த நோயில் மெல்ல மெல்ல அழிகின்றன. உடம்பை அசைக்க மூளை அனுப்பும் கட்டளைகள் சீராகப் போவதற்கு டோபமின் வேண்டும். அது குறைந்ததும் நடுக்கமும் இறுக்கமும் மந்தமும் வருகின்றன. மருந்துகள் இந்தக் குறையை இரண்டு வழிகளில் நிரப்புகின்றன. லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமினாகவே மாறுகிறது. 1960களின் பிற்பகுதியிலிருந்து இன்றுவரை இந்த நோய்க்கு முதன்மையான மருந்து அதுதான். கட்டிலில் கிடந்தவர்களை எழுப்பி நடக்க வைத்த மருந்து அது. இரண்டாவது வகை, டோபமினைப் போலவே நடித்து மூளையின் வாங்கிகளைத் தூண்டும் மருந்துகள். பிரமிபெக்ஸோல், ரொபினிரோல் என்பவை அந்த வகை. நாம் இங்கே அதிகம் பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

டோபமினுக்கு அசைவு மட்டும் வேலையல்ல. ஆசை, எதிர்பார்ப்பு, "இன்னொரு தடவை செய்" என்ற உந்துதல் ஆகியவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. பயிற்சிக் காலத்தில் கல்வி உளவியலில் மீளவலியுறுத்தல் என்று ஒரு பாடம் ஆசிரியர்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். கொப்பியில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தால் பிள்ளை அடுத்த நாளும் வீட்டுவேலை செய்துகொண்டு வரும். ஒவ்வொரு நாளும் நட்சத்திரம் கிடைப்பதைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே கிடைத்தால் பழக்கம் இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்கின்னர் காட்டினார். சூதாட்டம் மனிதனைப் பிடிப்பதும் இந்த வழியில்தான். பத்துத் தடவை தோற்றவனை ஒரு சின்ன வெற்றி மறுபடியும் இழுத்துக்கொண்டு போகும்.

பாக்கின்சன் நோயில் அசைவோடு சம்பந்தப்பட்ட மூளைப்பகுதியில்தான் டோபமின் மிக அதிகமாகக் குறைகிறது. ஆசையோடும் வெகுமதியோடும் சம்பந்தப்பட்ட பகுதி ஆரம்பத்தில் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் குளிசைக்கு அந்த வேறுபாடு தெரியாது. காய்ந்த வயலுக்குத் திறந்துவிட்ட தண்ணீர் பக்கத்தில் ஏற்கனவே நனைந்திருந்த வயலையும் மூழ்கடிப்பதைப் போல, அசைவுக்குப் போதுமான அளவு மருந்து ஆசைக்கு அளவு மீறியதாகிவிடுகிறது. டோபமினைப் போல நடிக்கும் மருந்துகள் இந்த இரண்டாவது பகுதியிலுள்ள வாங்கிகளைக் கூடுதலாகத் தூண்டக்கூடியவை என்பதால் அவற்றில் ஆபத்து அதிகம்.

இதன் விளைவுகளை மூடி மறைக்காமல் எழுதுவோம்.

முதலாவது சூதாட்டம். லொத்தர், பந்தயம், கைத்தொலைபேசியில் வரும் பந்தய விளையாட்டுக்கள் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, தேவையில்லாமல் பொருட்களை வாங்கிக் குவிப்பது. மூன்றாவது, பசியில்லாமலும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. குறிப்பாக இனிப்பு; இரவில் எழும்பிச் சாப்பிடுவதும் உண்டு. நான்காவது, தாம்பத்திய ஆசை அளவுமீறிப் போவது. மனைவிக்குத் தாங்க முடியாத தொல்லையாகவும் வெளியே தவறான வழியாகவும் அது போகக்கூடும். ஐந்தாவது, பயனில்லாத ஒரே வேலையை மணிக்கணக்காகச் செய்வது. ரேடியோவைக் கழற்றிப் பூட்டுவது, லாச்சியிலுள்ள சாமான்களைத் திரும்பத் திரும்ப அடுக்குவது போன்றவை. ஆறாவது, மருந்தையே அளவுக்கு மிஞ்சிக் குடிப்பது. வைத்தியர் சொன்ன நேரம் வருமுன்னே இன்னொரு குளிசை கேட்டு அடம்பிடிப்பார்கள். இது லெவோடோபாவிலும் நடக்கும்.

இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, இல்லாததைக் காண்பது. சின்னப் பிள்ளைகள், பூனை, நாய், மௌத்தாகிய உறவினர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். யாரோ பக்கத்தில் நிற்பதைப் போல, கடந்து போவதைப் போல இருக்கும். மற்றது சந்தேகம். பணத்தைத் திருடுகிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள், மனைவி வேறு ஒருவரோடு பழகுகிறாள் என்ற உறுதியான நம்பிக்கை. இந்த இரண்டுக்கும் மருந்து மட்டும் காரணமல்ல. நோய் முற்றும்போது அதுவாகவும் வரும். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் போன்றவையும் கிளப்பிவிடும். நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் பென்ஸெக்ஸோல் என்ற பழைய மருந்தும் வயதானவர்களுக்கு இப்படியான குழப்பத்தைக் கொண்டுவரலாம். எதனால் வந்தது என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை. அவரிடம் சொன்னால்தானே அவர் பிரிப்பார்?

இது வெறும் பேச்சல்ல. 2005இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் வைத்தியர்கள், பாக்கின்சன் மருந்து குடித்துச் சூதாட்டத்துக்கு அடிமையான 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 9 பேர் பிரமிபெக்ஸோல் எடுத்தவர்கள். 2010இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 நிலையங்களில் 3,090 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. டோபமினைப் போல நடிக்கும் மருந்துகளை எடுத்தவர்களில் 17.1 வீதமானோருக்கு இப்படியான கட்டுப்பாட்டுக் குறைபாடு ஒன்றாவது இருந்தது. அவற்றை எடுக்காதவர்களில் அது 6.9 வீதம். 2018இல் பிரான்ஸிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 400க்கு மேற்பட்ட நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில், ஐந்து வருடத்துக்குள் ஏறத்தாழ 46 வீதமானோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தப் பிரச்சினை தோன்றும் என்று கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் அது குடும்பம் குலையும் அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் அபூர்வமான ஒன்று என்று ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை அது.

அதே பிரான்ஸில் ஒரு வழக்கும் நடந்தது. ரொபினிரோல் எடுத்த ஒருவர், குடும்பஸ்தர், சூதாட்டத்தில் சேமிப்பையெல்லாம் இழந்தார். விளையாடுவதற்காகத் திருடவும் செய்தார். தகாத பாலியல் நடத்தைகளிலும் விழுந்தார். மருந்தை நிறுத்திய பிறகு அவை நின்றன. எச்சரிக்கை தரவில்லை என்று அவர் மருந்து நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். 2012 நவம்பரில் ரென் நகர மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஏறத்தாழ 197,000 யூரோ நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு விடயத்தை ஊர்ச்சந்தி ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது நியாயமா?

இப்போது இதை நமது ஊர்களுக்குள் வைத்துப் பாருங்கள்.

இந்த நாட்டில் லொத்தர் விற்கும் தட்டு இல்லாத சந்தி இல்லை. வேறு வீடுகளில் வயதான ஒருவர் லொத்தர் வாங்கினால் அது பணப் பிரச்சினை. நமது வீட்டில் அது ஹராம், மானப் பிரச்சினை, பள்ளிவாசல் வரைக்கும் போகும் பிரச்சினை. ஆகவே நோயாளி ஒளித்துச் செய்வார். மனைவி கண்டுபிடித்தாலும் ஒளிப்பார். பிள்ளைகள் அறிந்தால் வாப்பாவைத் திட்டிவிட்டுக் கடனை அடைப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகும்போது "எப்படி இருக்கிறார்?" என்று வைத்தியர் கேட்டால், "நடுக்கம் கொஞ்சம் குறைவு டொக்டர்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். நடுக்கம் குறைந்தது உண்மைதான். எந்த மருந்து நடுக்கத்தைக் குறைத்ததோ அதே மருந்து வேறோர் இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாது.

இரவில் முற்றத்தில் பிள்ளைகளைக் காணும் மூத்தம்மாவுக்கு என்ன நடக்கிறது? முதலில் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். பிறகு தூரத்து ஊரில் ஒருவரைக் கேள்விப்பட்டு வாகனம் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஓதுவதற்கு நாம் எதிரிகள் அல்ல. நோயாளிக்காகத் துஆக் கேட்பது, குர்ஆன் ஓதுவது நமது ஈமானின் பகுதி. ஆனால் "இந்த மருந்துகளை நிறுத்தினால்தான் ஜின் போகும்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். அதன் ஆபத்தைக் கீழே சொல்கிறோம்.

இதைவிட வேதனையானது சந்தேகம். நாற்பது வருடம் கூட வாழ்ந்து, ஆறு பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணைப் பார்த்து, அவள் உடம்பு கழுவிவிட்டு உடுப்பு மாற்றிவிடும் அதே கணவன், நீ நடத்தை கெட்டவள் என்று சொன்னால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? மகளிடம் சொல்ல வெட்கம். மருமகளிடம் சொல்லவே முடியாது. இப்படியான ஒரு விடயம் காதி நீதிமன்ற வாசலுக்குப் போனால், அங்கே இரண்டு தரப்பின் வாக்குமூலமும் இருக்கும், சாட்சிகளும் இருப்பார்கள். கிளினிக் கொப்பி மட்டும் இருக்காது. அதுபோலத்தான் இந்த வயதில் இன்னொரு கலியாணம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவரின் கதையும். திடீரென்று நொத்தாரிசிடம் போய்க் காணியை ஒருவர் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுப்பவரின் கதையும் அப்படியே இருக்கலாம். எல்லாக் கதைக்கும் மருந்துதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மனிதர் பாக்கின்சன் மருந்து குடிப்பவராக இருந்தால், பெரிய முடிவு எதுவும் எடுக்கப்படும் முன் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்கிறோம்.

"அப்படியென்றால் செய்வதையெல்லாம் செய்துவிட்டுக் குளிசை மேல் பழியைப் போடலாமே?" என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு மூன்று விடயங்களைப் பார்க்கலாம். ஒன்று, காலம். மருந்து தொடங்கிய பிறகோ அளவு கூட்டிய பிறகோ இந்த நடத்தை வந்ததா? உடனே வரவேண்டும் என்றில்லை. மாதங்களோ சில வருடங்களோ கழித்தும் வரலாம். இரண்டு, பழைய குணம். வாழ்நாள் முழுக்கக் காசை எண்ணி எண்ணிச் செலவழித்தவர் இப்போது அள்ளி இறைக்கிறாரா? மூன்று, மருந்தை வைத்தியர் குறைத்தபோது நடத்தையும் குறைகிறதா? இந்த மூன்றும் பொருந்தினால் அது சாக்குப்போக்கல்ல. முன்பு சூதாட்டமோ மதுவோ பழக்கமாக இருந்தவர்களுக்கும், இளம் வயதிலேயே நோய் வந்தவர்களுக்கும் ஆபத்து கூட என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே "அவர் முன்னமே அப்படித்தான்" என்று சொல்லி வைத்தியரிடம் மறைப்பது இன்னும் பெரிய ஆபத்து.

பொறுப்பு யாருடையது, கடனை யார் அடைப்பது, மார்க்கத்தில் இதன் நிலை என்ன என்ற கேள்விகளுக்கு உலமாக்கள் பதில் சொல்லட்டும். அது நமது வேலையல்ல. ஆனால் அவர்களிடம் கேட்கப்போகும்போது வைத்திய விபரத்தையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். பாதிக் கதையைச் சொல்லி முழு ஃபத்வா வாங்கிக்கொண்டு வருவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

குடும்பங்களுக்கு இது ஏன் தெரியாமல் இருக்கிறது? வெட்கம் ஒரு காரணம். மற்றக் காரணத்தையும் பேசத்தான் வேண்டும். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது சின்னக் கடதாசி உறையில் கிடைக்கிறது. உறையில் மருந்தின் பெயரும் எத்தனை வேளை என்பதும் இருக்கும். பக்கவிளைவு பற்றிய துண்டு இருக்காது. பாமசியில் பெட்டியோடு வாங்கினால் உள்ளே துண்டு இருக்கும், அது ஆங்கிலத்தில் இருக்கும். கிளினிக்கில் காலையிலிருந்து வரிசையில் நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களை ஒரு வைத்தியர் பார்த்து முடிக்க வேண்டும். ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று நமக்கே தெரியும். வைத்தியருக்குத் தமிழ் தெரியாத இடங்களில் நோயாளியின் வீட்டு அந்தரங்கத்தை இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது யார் வாய் திறப்பார்கள்?

பிரித்தானியாவில் நைஸ் என்ற நிறுவனம் 2017இல் வெளியிட்ட பாக்கின்சன் வழிகாட்டல் என்ன சொல்கிறது தெரியுமா? டோபமினைப் போல நடிக்கும் மருந்தை ஆரம்பிக்கும்போதே, இப்படியான நடத்தை மாற்றங்கள் வரக்கூடும் என்று நோயாளிக்கும் குடும்பத்துக்கும் வாயாலும் எழுத்தாலும் சொல்ல வேண்டும், வந்தால் யாரைத் தொடர்புகொள்வது என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறது. இங்கே நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அரைப்பக்கத் துண்டு ஒன்று, தமிழிலும் சிங்களத்திலும், மருந்து உறையோடு. அச்சடிக்கப் பெரிய செலவு இல்லை. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் நமது ஊரவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கோரிக்கையை அங்கே வைக்கலாம்.

சரி, ஒரு வீட்டில் இப்படியான மாற்றம் தெரிகிறது. என்ன செய்வது?

முதலாவதும் முக்கியமானதும்: மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தப் பதிவை வாசித்துவிட்டு யாராவது இன்றிரவே குளிசையைக் குப்பையில் போட்டால் நன்மையைவிடத் தீமை பெரிது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சலும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மற்ற வகையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றம், பயம், மனச்சோர்வு வரலாம். குறைப்பதும் மாற்றுவதும் படிப்படியாக, வைத்தியரின் கையால் நடக்க வேண்டும்.

இரண்டாவது, எழுதுங்கள். கிளினிக் கொப்பியோடு ஒரு சாதாரண கொப்பியும் வைத்திருங்கள். எந்த மருந்து எந்தத் திகதியில் தொடங்கியது, எப்போது கூட்டினார்கள், நடத்தை மாற்றம் முதலில் எப்போது தெரிந்தது, வாரத்துக்கு எத்தனை தடவை என்று குறித்து வையுங்கள். வாயால் சொல்ல வெட்கமானதை எழுதி வைத்தியரிடம் நீட்டலாம். நோயாளிக்கு முன்னால் சொல்ல முடியாவிட்டால், தனியாக ஒரு நிமிடம் தாருங்கள் என்று கேட்கலாம். மனைவியோ மகளோ கூடப் போவது நல்லது. நோயாளி தானாகச் சொல்லமாட்டார். பலருக்கு அது பிரச்சினையாகவே தெரியாது.

மூன்றாவது, காசு. திருத்தம் வரும்வரை வங்கி அட்டையும் நகையும் காணி உறுதியும் பாதுகாப்பாக இருக்கட்டும். இதை அவருடைய மரியாதையைக் கெடுக்காமல் செய்ய முடியும். கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுங்கள். வெறுங்கையோடு விடுவது ஒரு தகப்பனை இன்னும் உடைக்கும். கைத்தொலைபேசியில் பந்தய விளையாட்டுக்கள் இருக்கின்றனவா என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

நான்காவது, வேறு வைத்தியரிடம் போனால் பாக்கின்சன் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இல்லாததைக் காண்கிறார், குழம்புகிறார் என்று மட்டும் சொன்னால், ஹலோபெரிடோல் போன்ற ஒரு மருந்து கொடுக்கப்படலாம். அது பாக்கின்சன் நோயாளியைக் கட்டிலோடு இறுக்கிவிடும். வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெடோகுளோபிரமைடும் இவர்களுக்குக் கூடாது. இரண்டும் டோபமினைத் தடுக்கும் மருந்துகள்.

ஐந்தாவது, நோன்பு. ரமழானில் மருந்து நேரத்தைத் தாமாக மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பகல் குளிசையை விட்டுவிட்டு இரவில் மூன்றையும் சேர்த்துக் குடிப்பது இரண்டு பக்கமும் கேடு. பகலில் உடம்பு இறுகும், இரவில் மருந்து அளவு மிஞ்சும். நோயாளிக்குச் சலுகை தந்தது அல்குர்ஆன்தான். நோன்பு வரமுன்னே வைத்தியரிடமும் மௌலவியிடமும் கேட்டு முடிவெடுப்பதே பேணுதல்.

இன்னொன்று. பிரமிபெக்ஸோலும் ரொபினிரோலும் இரவில் கால் அமைதியில்லாமல் துடிக்கும் வருத்தத்துக்கும் கொடுக்கப்படுகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த கபர்கோலின், புரொமோகிரிப்டின் என்பவை புரோலக்டின் ஹோமோன் கூடிய இளம் பெண்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. அவர்களுக்கும் அபூர்வமாக இப்படியான மாற்றம் வரலாம். ஆகவே இது வயதானவர்களின் கதை மட்டுமல்ல.

பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் உலமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடும்பப் பிணக்கு என்று வரும்போது, ஒரு தரப்புக்கு நரம்பு வருத்தம் இருந்தால் "என்ன மருந்து எடுக்கிறார், வைத்தியருக்கு இது தெரியுமா" என்ற இரண்டு கேள்வியையும் கேளுங்கள். வருடத்தில் ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைப் பற்றிச் சொன்னால் எத்தனையோ வீட்டில் ஒரு பெண் நிம்மதியாக மூச்சுவிடுவாள். காதி நீதிபதிகளும் வைத்திய அறிக்கையைக் கேட்பதை வழக்கமாக்கலாம். பாமசி நடத்தும் சகோதரர்கள் மருந்தைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கலாம். ஆசிரியர்களாகிய நாம் உயர்தர உயிரியல் வகுப்பில் நரம்புத் தொகுதி படிப்பிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம். அந்தப் பிள்ளைகள்தான் மூத்தவாப்பாவின் கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த மருந்துகள் பெரிய அருள். அவை இல்லாவிட்டால் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டவும், ஒரு கோப்பைத் தேநீரைச் சிந்தாமல் குடிக்கவும் அவர்களால் முடியாது. ஆகவே மருந்தை வெறுக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அது என்ன செய்யக்கூடும் என்று தெரிந்துகொண்டு குடிப்போம்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த கிளினிக் திகதியைப் பாருங்கள். அது தூரமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே போய் வைத்தியரைச் சந்தியுங்கள். பின்னூட்டத்தில் யாருடைய பெயரையும் கதையையும் எழுத வேண்டாம். தெரிந்த ஒரு வீட்டுக்கு இதை அனுப்புவதாக இருந்தால், குழுமத்தில் போடாமல் அந்த வீட்டுப் பிள்ளை ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள்.